ஐஸ் பெட்டியில் தங்கத் தண்ணீர்

பழவேற்காட்டில் போய் நூர் முகம்மது வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஐஸ் பாய் வீடு என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகும். எனக்கு அவர் அந்தப் பெயரில் பழக்கமில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் வேலை செய்த கம்பெனிக்கு வேன் ஓட்ட வந்த ஆளாகத்தான் தெரியும். அந்த ஆளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். இறால் காலத்து ஐஸ் பாயைப் பற்றி எழுத அங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

நல்ல உயரம். மருதாணி பூசிய தாடி. கை இரண்டையும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்துக்கொண்டு நடப்பார், ஏதோ பெட்டியைத் தூக்கிப்போவதுபோல. விரல் நுனிகளில் அவருக்கு உணர்ச்சி கிடையாது. சின்ன வயதிலிருந்து ஐஸில் கையை விட்டு விட்டு மரத்துப்போனது. கொதிக்கிற டீ கிளாஸை வெறும் கையால் பிடித்துக்கொண்டு நிதானமாகப் பேசுவார். பார்க்கிற நமக்குத்தான் சுடும்.

அவருடைய வாப்பாவுக்குக் கருவாட்டு வியாபாரம். மகனுக்குக் கருவாடு பிடிக்கவில்லை. காய்ந்து போனதை விற்பதில் என்ன திறமை இருக்கிறது என்று கேட்டாராம். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஐஸ் பிளாண்டில் சேர்ந்து பாளம் உடைத்தார். அங்கேதான் அடுக்குகிற வேலையைக் கற்றுக்கொண்டார். அடியில் எவ்வளவு ஐஸ், நடுவில் எவ்வளவு, எந்த மாதத்தில் கல்லுப்பு சேர்க்கவேண்டும், எப்போது சேர்க்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. உப்புச் சேர்ந்த ஐஸுக்குக் குளிர் அதிகம். ஏற்றுமதிக்காரர்கள் இறால் வாங்கிய காலத்தில் சொந்தமாக வேன் வாங்கி, உள்ளே தெர்மகோல் அடித்துத் தகரம் போர்த்தி, கொச்சி வரைக்கும் ஓட்டியிருக்கிறார்.

"நான் ஏத்துன சரக்கு நாறி எறங்குச்சின்னு ஒருத்தன் சொல்லட்டும், தாடிய எடுத்துர்றேன்" என்பார். அந்த ஊரில் அப்படிச் சவால் விடுகிற தைரியம் வேறு யாருக்கும் இருந்ததில்லை.

சுனாமிக்குப் பிறகு அந்தப் பிழைப்பு படுத்துவிட்டது. வாங்குகிறவர்கள் வேறு கரைக்குப் போனார்கள். வேன் பூவரச மரத்தடியில் நின்றது. அவர் மனைவி ஜெய்னம்பு அதற்குள் விறகு அடுக்க ஆரம்பித்துவிட்டார். "சும்மா நிக்கற வண்டிதான, விறகாவது நனையாம இருக்கட்டும்" என்றாராம். அதைச் சொல்லும்போது மட்டும் பாய் குரல் இறங்கிவிடும்.

எங்கள் கம்பெனியைப் பற்றிச் சொல்லவேண்டும். சிப்காட்டின் கடைசித் தெருவில் இரும்புக் கம்பெனிகளுக்கு நடுவே இருந்த சின்னக் கட்டடம். அக்கம்பக்கத்துப் புகையும் தூசியும் உள்ளே வராமல் இருக்க ஜன்னலையெல்லாம் அடைத்து வைத்திருந்தோம். உள்ளே தங்கத் தண்ணீர் தயாரித்தோம். வேடிக்கையாகச் சொல்லவில்லை. பிள்ளை உண்டாகியிருக்கிறதா என்று பார்க்கிற அட்டையில் ஒரு சிவப்புக் கோடு விழுமே, அந்தச் சிவப்பு சாயமில்லை, தங்கம். கண்ணுக்கே தெரியாத துணுக்குகளாகத் தங்கம் தண்ணீரில் மிதந்தால் அதன் நிறம் சிவப்பு. அந்தத் துணுக்கின்மேல் நோயைக் கண்டுபிடிக்கிற மருந்தை ஏற்றி அட்டையில் பூசுவார்கள். அட்டை செய்கிற கம்பெனி பெங்களூரில் இருந்தது. தங்கத் தண்ணீர் எங்களிடமிருந்து போயிற்று.

முதலாளி ராஜமாணிக்கம். ஆராய்ச்சி பார்க்கிறவர் துளசிராமன் சார், டாக்டர் பட்டம் வாங்கியவர். தினமும் தன் கையால் காய்ச்சி எடுக்கிறவள் மெர்சி. ஆரம்பாக்கத்துப் பெண். அப்பா அம்மா, அண்ணன்மார் எல்லோரும் கழனி வேலை பார்த்தவர்கள். அவள் ஒருத்திதான் கெமிஸ்ட்ரி படித்து ரயிலேறி வேலைக்கு வந்தாள். நான் தண்ணீர் காய்ச்சி வடிப்பவன், கிளாஸ் கழுவுபவன். கிளாஸ் கழுவுவது என்றால் சோப்பு போட்டுக் கழுவுவதில்லை. தங்கத்தையே கரைக்கிற ஆசிட் கலவை ஊற்றி, பிறகு வடிநீரில் திரும்பத் திரும்ப அலசவேண்டும். ஒரு விரல் ரேகை இருந்தாலும் சரக்கு போயிற்று.

தங்கம் கரைந்த மஞ்சள் தண்ணீர் கொதிக்கும். மெர்சி அதில் இன்னொரு கரைசலை ஒரே மூச்சில் ஊற்றுவாள். மஞ்சள் மறையும். கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். பிறகு மை கரைத்ததுபோல இருண்டு, அந்த இருட்டுக்குள்ளிருந்து மாதுளம்பழச் சாறு மாதிரி சிவப்பு எழுந்து வரும். நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கழுவுகிற வேலையை விட்டுவிட்டு நிற்பேன்.

இந்தச் சரக்கைச் சூடு படாமல் கொண்டுபோக வேன் தேடியபோதுதான் நூர் முகம்மது வந்தார். வந்த அன்றைக்கே மெர்சி வேனுக்குள் தலையை நீட்டிவிட்டு மூக்கைப் பொத்தினாள்.

"பாய், மீன் நாத்தம் அடிக்குது."

"மீன் வண்டிம்மா. மல்லிப்பூவா மணக்கும்?"

"இது தங்கம் போற வண்டி பாய்."

"தங்கத்துக்கு மூக்கு கீதா?"

அவரும் நானும் சேர்ந்து அந்த வேனைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். நாற்றம் போனதா என்று கேட்டால் போகவில்லை. டப்பாக்கள் இறுக்க மூடி இருந்ததால் பரவாயில்லை என்றார் துளசிராமன் சார்.

மெர்சி காய்ச்சுவதை ஒரு நாள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அவரும் பார்த்தார். "தங்கம்னு சொல்லிட்டு ரோஸ் மில்க்கு காச்சறீங்களே" என்றார். ஊரில் ஜெய்னம்பு, எங்கள் வீட்டுக்காரர் தங்கம் ஏற்றுகிறார் என்று சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வேனைப் பார்க்க வந்தார்களாம். மறுநாள் பாய் கூச்சத்தோடு மெர்சியிடம் கேட்டார்.

"ஏம்மா, ஒரு டப்பாவ சுண்டக் காச்சினா மூக்குத்தி தேறுமா?"

"மூக்குத்தியில இருக்குற திருகாணிகூட தேறாது பாய்."

"அட, அப்ப இத்தினி பேருக்கும் நான் இன்னாத்த காட்டறது!"

குளிர்காலம் முழுக்க, கம்பெனி கொடுத்த குளிர் ஜெல் பைகளோடு சரக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. வேனுக்குள்ளிருந்து விறகு இறங்கி, மறுபடியும் பெட்டி ஏறியதில் பாய்க்கு வயது குறைந்தது மாதிரி இருந்தது. சித்திரை வெயில் ஆரம்பித்தது. பெங்களூரிலிருந்து போன் வந்தது. டப்பாவைத் திறந்தால் சிவப்பு இல்லை, நீலம் பாய்ந்த சாம்பல் தண்ணீர், அடியில் கருப்பு வண்டல்.

இது ஏன் ஆகும் என்று சார் எங்களுக்குச் சொல்லியிருந்தார். தங்கத் துணுக்குகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகி நிற்கும்வரைதான் சிவப்பு. உப்புப் பட்டால், அழுக்குப் பட்டால், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நீலமாகும், படியும். அதைத் திருப்பி எடுக்க முடியாது. இதற்கு வைத்தியமாகத்தான் சார் ஒரு பூச்சு செய்து பார்த்துக்கொண்டிருந்தார். பாலிமர் என்பார். தேங்காய்மேல் நார் இருப்பதுபோல ஒவ்வொரு துணுக்கையும் சுற்றி இது நிற்கும். இரண்டு தேங்காய் மோதினாலும் ஓடு உரசாது அல்லவா, அதுபோல. ரத்தத்திலும் மூத்திரத்திலும் உப்பு இருக்கிறது. உப்பைத் தாங்காத தங்கம் அங்கே போய் என்ன கண்டுபிடிக்கும்? அதனால் அந்தப் பூச்சின்மேல் சாருக்கு உயிர்.

முதலாளி பாயைக் கூப்பிட்டுக் கேட்டார். "வண்டியில ஏதாவது ஆச்சா பாய்? வெயில்ல நின்னீங்களா?"

"ஒண்ணும் ஆவல சார். ஜில்லுனு கொண்டுபோய் எறக்கினேன்."

அது உண்மைதான். இறக்கியபோது டப்பாக்கள் குளிர்ச்சியாக இருந்தன என்று பெங்களூர்க்காரர்களும் சொன்னார்கள்.

அடுத்த தடவை எல்லாம் புதிதாகச் செய்தோம். நான் கிளாஸைக் கழுவியதையே கழுவினேன். மெர்சி புதுக் கையுறை போட்டாள். பெங்களூர்க்காரர்கள் பார்க்கட்டும் என்று சார் தன் கையாலேயே காய்ச்சிப் பூச்சு ஏற்றிய ஒரு டப்பாவையும் அதே பெட்டியில் வைத்தார். பாய் கொண்டுபோனார்.

எல்லாம் திரும்பி வந்தது. மெர்சி செய்த டப்பாக்கள் அத்தனையும் சாம்பல். சார் செய்த ஒரு டப்பா மட்டும் சிவப்பு.

முதலாளி அவற்றை மேசைமேல் வரிசையாக வைத்துக் கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றிக் காட்டினார். அவர் கெட்ட மனுஷனில்லை. ஆனால் அன்றைக்கு அவர் பேசியது கேட்க நன்றாக இல்லை.

"கிளாஸ் ஒண்ணு, தண்ணி ஒண்ணு, தங்கம் ஒண்ணு, போன வண்டியும் ஒண்ணு. துளசி செஞ்சது நிக்குது. நீ செஞ்சது நிக்கல. நான் வேற யார கேக்கறது, சொல்லு?"

"ஊத்தும்போது செவப்புதான் சார். நீங்களும் பாத்தீங்க."

"பெங்களூர் போனா நீலம்."

"கொஞ்சம் எடுத்து இங்க வெச்சிருந்தா இப்ப காட்டியிருப்பேன் சார். நீங்கதான் ஒரு சொட்டு மீதி வைக்கக் கூடாது, அத்தனையும் தங்கம்னு சொன்னீங்க."

அதைக் கேட்டு அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது. மாதக் கடைசியோடு நின்றுகொள் என்றார். துளசிராமன் சார் தன் சிவப்புக் குடுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னுடையது நின்றதில் அவருக்குச் சந்தோஷம் இருந்திருக்கும். எதனால் நின்றது, பூச்சாலா கையாலா என்று அவருக்கும் தெரியாது. கிளாஸ் மேல் பழி இல்லை என்று தெரிந்ததும் எனக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சு வந்த வேகத்திலேயே மெர்சியின் முகத்தைப் பார்த்தேன். சிப்காட்டில் ஒரு லேபில் கை சுத்தமில்லை என்று அனுப்பினால் வேறு எந்த லேபிலும் நுழைய முடியாது. அவளுக்கும் அது தெரியும். அழவில்லை. சாம்பல் குடுவைகளை எடுத்துப்போய் ஒவ்வொன்றாகக் கழுவ ஆரம்பித்தாள். அது என் வேலை. நான் தடுக்கவில்லை.

சாப்பாட்டு வேளையில் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பாய் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"இன்னா நைனா, மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீற? ஊட்ல நாஷ்டா போடலியா?"

"மெர்சிய அனுப்பறாங்க பாய்."

"யார? நம்ம மெர்சியவா? இன்னாத்துக்கு?"

"சரக்கு பூரா நீலமாப் போச்சி. அது கைதான் சரியில்லன்றாரு."

"அட போ பாக்கியராஜூ. அந்தப் பொண்ணு தொடச்சதையே தொடச்சிக்கினு கெடக்கும். அதுக்கா கை சரியில்ல? மொதலாளிக்கு வெயில் மண்டைக்கி ஏறிப்பூட்ச்சி." டீயைக் கையில் வாங்கிக்கொண்டார். அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "எனக்கு எரியுது நைனா. நான் அந்தச் சரக்க இன்னா பாடுபட்டு எடுத்துக்குனு போனேன் தெரியுமா? அவங்க குடுத்த ஜெல்லு பை கீதே, அது ஆம்பூர் தாண்டறதுக்குள்ள வெந்நியாப்பூடும். நம்ம பேரு கெட்ரக் கூடாதுன்னு, நானே ஐஸ் பிளாண்டுல ஐஸ் வாங்கி, ஒடச்சி, கல்லுப்பு தூவி, அடுக்கடுக்கா வெச்சி எடுத்துக்குனு போனேன். ஓசூர்ல தொறந்து பாக்கறேன், டப்பா கல்லு மாரி கீது. கல்லு! கொச்சிக்கிப் போன இறாலுகூட அந்தப் பதத்துல போனதில்ல. ஈரத்தோட குடுத்தா மூஞ்ச சுளிப்பாங்கன்னு தண்ணிய வடிச்சி, டப்பாவ தொடச்சி, வெயில்ல வெச்சி இளக வுட்டு, அந்த ஜெல்லு பைய மறுபடியும் வெச்சி சோக்கா ஜோடிச்சிதான் எறக்கினேன்."

நான் கிளாஸைக் கீழே வைத்தேன்.

"பாய், டப்பா உறைஞ்சிடுச்சா?"

"உறையாம? உப்பு போட்ட ஐஸு நைனா."

எங்கள் லேபில் ஒரு பிரிட்ஜ் இருந்தது. அதன் மேல்தட்டு, ஐஸ் பிடிக்கிற தட்டு, அதை மெர்சி வந்த முதல் வாரத்திலேயே டேப் ஒட்டி அடைத்துவிட்டாள். தெரியாமல் யாராவது டப்பாவை அதில் வைத்துவிடப் போகிறார்கள் என்று பயம். ஏன் என்று நான் கேட்டபோது, உறைந்தால் செத்துவிடும் அண்ணா என்றாள். மே மாத வெயிலில் பெங்களூர் ரோட்டில் சரக்கு உறைந்துபோகும் என்று எங்களில் யாருக்குத் தோன்றும்?

"அத உறைய வைக்கக் கூடாது பாய். உறைஞ்சா செத்துப்பூடும்."

"எது?"

"தங்கம்."

சிரித்தார். "செத்தப்புறந்தான நைனா நம்ம உறைய வெக்கிறோம்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

நான் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். எனக்குத் தெரிந்தது கொஞ்சம். அவருக்கு அது போதும். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். கம்பி ஏற்றிய லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அந்த மனுஷனிடம் ஒரே ஒரு சொத்துதான் இருந்தது. ஏற்றிய சரக்கைக் கெடுக்காதவன் என்கிற பேர். கடல் போய், வியாபாரம் போய், வேன் விறகுக் கொட்டகையான பிறகும் அது மட்டும் போகவில்லை.

"நீ யார்கிட்டயாவது சொல்ட்டியா?"

"இப்பதான எனக்கே தெரியும்."

"சொல்லலன்னா?"

"ஒருத்தருக்கும் தெரியாது. அந்தப் பொண்ணு ஆரம்பாக்கத்துல நாத்து நடும். அவ்ளோதான்."

கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. டீயைக் குடிக்காமல் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தார். கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே அவர் வந்ததே இல்லை, சரக்கை வாசலில்தான் வாங்குவார். அன்றைக்கு நேராக முதலாளி அறைக்குப் போனார். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுப் போனார், தர்காவுக்குள் போவதுபோல. நான் பின்னாலேயே போய்க் கதவருகில் நின்றேன்.

"சார், அந்தச் சரக்க கெடுத்தது நான்தான்."

முதலாளிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கத்தினார். உங்களிடம் யார் ஐஸ் கேட்டார்கள், கொடுத்ததை அப்படியே கொண்டுபோக வேண்டியதுதானே, மீனா இது, மீனா இது என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். பாய் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. சத்தம் கேட்டு மெர்சி கையில் ஈரத்தோடு வந்தாள்.

"ஐஸ்லயா வெச்சீங்க? அதுல உப்பு வேறயா?"

"ஆமாம்மா."

"எத்தன தபா பாய் நான் இந்த டப்பாவ உங்க கையில குடுத்திருக்கேன்! ஒரு தபா, ஒரே ஒரு தபா கேட்டிருக்கலாம் இல்ல?" அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. "நல்லா அடுக்கினாராம், நல்லா!"

"திட்டும்மா. நல்லா திட்டு" என்றார் அவர்.

அதுவரை சுவரில் சாய்ந்து நின்ற துளசிராமன் சார் சட்டென்று மேசைக்குப் போய்ச் சிவப்புக் குடுவையை எடுத்தார்.

"பாய், இதுவும் அதே பெட்டியிலதான போச்சு?"

"எல்லாம் ஒரே பெட்டிதான் சார்."

"இதுவும் கல்லு மாதிரி ஆச்சா?"

"எல்லாமே கல்லுதான் சார்."

சார் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் உறையும்போது ஐஸ் தனக்குள் தங்கத்துக்கு இடம் கொடுக்காதாம். எல்லாத் துணுக்கையும் ஓரத்துக்குத் தள்ளி நெருக்குமாம். அந்த நெருக்கலில் ஒட்டாமல் தப்பித்தது பூச்சு இருந்தது மட்டும்தான் என்று எங்களுக்குச் சொன்னார். "நின்னது என் கை இல்ல சார், கோட்டிங்" என்றார் முதலாளியிடம்.

முதலாளி நம்பவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். ஒருத்தருக்கொருத்தர் பேசிவைத்துக்கொண்டு அந்தப் பெண்ணைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தார். மெர்சிதான் வழி சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"நான் இப்ப காச்சறேன் சார். என் கையால செஞ்சதையே ரெண்டாப் பிரிங்க. ஒண்ணுல துளசி சார் கோட்டிங் போடட்டும். இன்னொண்ணு அப்படியே இருக்கட்டும். பாய் எப்பவும் போல ஐஸ் வெக்கட்டும். ரெண்டும் நீலமா வந்தா நான் போயிடறேன்."

அப்படியே நடந்தது. பூச்சு ஏற மறுநாள்வரை பொறுத்தோம். பிறகு பாய் ஐஸும் கல்லுப்பும் கொண்டுவந்து கம்பெனி வாசலில் எல்லோர் முன்னாலும் பெட்டியை அடுக்கினார். கை தானாக வேலை செய்தது. உடைத்த ஐஸ் ஒரு படுக்கை, அதன்மேல் உப்பு, அதன்மேல் டப்பா, இடுக்கில் பொடி ஐஸ். கெடுக்கிறோம் என்று தெரிந்தே அடுக்கும்போதும் ஒரு மூலை சரியாக இல்லை என்று பிரித்துத் திரும்ப வைத்தார்.

அடுத்த நாள் காலையில் டப்பாக்கள் கல்லாக இருந்தன. இளகவிட்டு இரண்டையும் ஊற்றினார் சார். ஒன்று சாம்பல். ஒன்று மாதுளைச் சிவப்பு.

முதலாளி இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மெர்சியைப் பார்த்து, "போய் வேலையப் பாரும்மா" என்றார். அவ்வளவுதான் அவருக்கு வரும். அன்றையிலிருந்து ஒவ்வொரு தடவை காய்ச்சும்போதும் கொஞ்சம் எடுத்து லேபில் வைக்கிற வழக்கம் வந்தது. அவளாகவே எடுத்து வைத்தாள், அவர் கேட்கவில்லை.

பாயை என்ன செய்வது என்று முதலாளி யோசித்துக்கொண்டிருந்தார். அதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"நீங்க சொல்லவே வாணாம் சார். இனிமே அந்தச் சரக்க நான் ஏத்த மாட்டேன்."

பெங்களூர் ஓட்டம் ஒரு குளிர்பதன லாரி கம்பெனிக்குப் போயிற்று. நூர் முகம்மது மறுபடியும் மீன் ஏற்ற ஆரம்பித்தார். பெரிய ஓட்டமில்லை. பழவேற்காட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டுக்கு, அங்கிருந்து திரும்ப. நடந்ததை அவர் ஊரில் மறைக்கவில்லை. ஐஸ் பிளாண்டில் உட்கார்ந்து தானே சொன்னாராம், பெங்களூர் போன தங்கத்தை நான் கெடுத்தேன் என்று. தாடியை எடு என்று அங்கே ஒருத்தன் கேலி செய்ய, நிஜமாகவே எடுத்துவிட்டு வந்தார். மழித்த முகத்தோடு அவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை.

"ஊட்ல இன்னா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"இறால கெடுத்தா அது சின்ன கை, தங்கத்த கெடுத்தா பெரிய கைன்னுச்சி. அது வாய யாரு அடைக்கறது?"

சிரிக்கத்தான் சிரித்தார். ஆனால் எங்கள் தெருப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். மார்க்கெட்டிலிருந்து சுற்று வழியாக ஊருக்குப் போனார்.

துளசிராமன் சார்தான் அவரைத் தேடிப் போனார். பூச்சுப் போட்ட தங்கத்தை வடநாட்டில் ஒரு கம்பெனி கேட்டிருந்தது. அங்கே குளிர்காலத்தில் வழியிலேயே பார்சல் உறைந்துவிடுமாம். பூச்சை எவ்வளவு கனமாகப் போடுவது என்று பார்க்கவேண்டும். பிரிட்ஜில் உறைய வைத்துப் பார்க்கலாம், ஆனால் பிரிட்ஜ் குலுங்காது. உறைந்து, குலுங்கி, இளகி, மறுபடியும் உறைந்து வருகிற சரக்கு எப்படியிருக்கும் என்று தெரிய பழவேற்காடு ரோட்டைவிட நல்ல ரோடு கிடைக்காது என்றார் சார்.

"கெடுக்கறதுக்குன்னே ஏத்தணுமா?" என்று பாய் கேட்டாராம். "அந்த வேல எனக்கு வாணாம் சார்."

சார் திரும்பி வந்துவிட்டார். அடுத்து மெர்சி போனாள். என்ன சொன்னாள் என்று தெரியாது. மறுவாரம் வேன் எங்கள் வாசலில் நின்றது.

அப்படிச் சில மாதங்கள் நடந்தது. நிறம் தெரிகிற சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் மெர்சி தங்கத் தண்ணீரை ஊற்றிக் கொடுப்பாள். மீனுக்கு நடுவில், உப்பு ஐஸில், அது பழவேற்காடு போய்விட்டு வரும். கொண்டுவந்து கொடுப்பதற்கு முன்னால் பாய் அதை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார். சிவப்பாக இருந்தால் ஒன்றும் பேசாமல் கொடுத்துவிட்டு, மெர்சியிடம் மீன் வேண்டுமா என்று கேட்பார். தாடி மறுபடியும் வளர்ந்தது. கண்ணாடிக் கதவுவரை வந்து, சார் அளவு பார்க்கிறவரை காத்திருந்து, நின்னுச்சா சார் என்று கேட்டுக்கொண்டு போகிற அளவுக்கு வந்துவிட்டார்.

ஒரு நாள் நீலமாக வந்தது. சார் வேண்டுமென்றே பூச்சை மெலிதாகப் போட்ட பாட்டில். எந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று தெரிந்துவிட்டதில் அவருக்கு ஒரே சந்தோஷம். முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினார். மெர்சி கைதட்டினாள். பாய் மட்டும் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். டீ வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன், வேண்டாம் என்றார்.

"பேஜாரா பூட்ச்சி நைனா."

"அது நீலமாவணும்னுதான் சார் குடுத்தாரு பாய்."

"அது அவருக்கு. ஏத்துனது நான் இல்ல?"

மெர்சி வந்தாள். அவர் அவளிடம் கேட்டார், "இன்னொரு தபா குடும்மா. அதே மாரி, அதே பூச்சில. இந்தத் தபா பாத்து எடுத்துக்குனு போறேன்."

"நீங்க பாத்து எடுத்துக்குனு போனா எங்களுக்கு ஒண்ணும் தெரியாது பாய். எப்பவும் போல போங்க."

தலையாட்டினார். மறுவாரம் அவள் பாட்டிலைக் கொடுத்த பிறகு நான் வேன் பக்கம் போனேன். மீன் பெட்டியில் பாட்டில் இல்லை. முன்சீட்டில் துண்டுக்குள் சுற்றி, வெயில் படாமல், ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் எதையோ அண்டக் கொடுத்து வைத்திருந்தார். நான் மெர்சியைக் கூப்பிட்டேன். அவள் வந்து பார்த்தாள். திட்டவில்லை. துண்டைப் பிரித்து மடித்து சீட்டின்மேல் வைத்தாள். பாட்டிலைப் பின்னால் கொண்டுபோய், மார்க்கெட்டில் மீந்த கெளுத்தி மீன்களை விலக்கி, தன் கையாலேயே ஐஸின் அடிவரைக்கும் அழுத்தினாள். அவள் கையை எடுக்கிறவரை நூர் முகம்மது ரோட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வண்டியை எடுத்தார்.